மூச்சு எண்ணியவள்

எடை மேடையில் லாரி ஏறி, பெட்டியில் சிவப்பு எண்கள் ஆடி அடங்குவதற்குள் ராசாங்கம் தூங்கிவிடுவார். டிரைவர் ஹாரன் அடித்தால்தான் விழிப்பார். அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு முழுக் கனவு வந்து போயிருக்கும்.

பெரும்பாலும் கடல்தான். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் அவர் வேலை பார்த்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், கல்லாகிப்போன சிப்பிகள் சுருள் சுருளாகக் கிடைக்கும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்று காலேஜிலிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்கு அந்தக் கனவு. அதில் அவர் கடலடியில் மெல்ல நடந்துகொண்டிருப்பார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ உடம்பு அங்கே கனக்காது. தலைக்கு மேலே வெயில் பச்சையாக ஆடும்.

வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷம் அதே சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டியவர். போன வருஷம் தை மாதம் ஒரு மத்தியானம் சாவியைச் சூப்பர்வைசர் அய்யம்பெருமாளிடம் கொடுத்து, "முட்டி வலி தாங்கலண்ணே. இனிமே வண்டி வேண்டாம்" என்றார். எடை மேடைக்கு மாற்றினார்கள்.

முட்டி வலி என்று சொல்லித்தான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கும் போனார். எடை குறைய எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டர் ஒரு வருஷம் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். எட்டு கிலோ இறங்கி, பத்து கிலோ ஏறியது. கடைசியில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது. அப்ரூவல் கேட்டு எழுதினார்கள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கிடையாது என்று.

ராசாங்கமும் மனைவி வெற்றிச்செல்வியும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார்கள். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் கலைமணி என்ற பெண் இருந்தாள். காகிதத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினாள்.

"உயரத்தையும் எடையையும் வச்சு ஒரு கணக்கு இருக்குங்க. அது நாப்பதுக்கு மேல இருந்தா ஒத்துக்குவாங்க. உங்களுக்கு முப்பத்தெட்டரை. அப்படின்னா எடையால வந்த பெரிய நோவு ஏதாவது இருக்கணும். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. முட்டி வலி மட்டும் போதாதாம்."

"வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று அவளே கேட்டாள். "மூச்சு, தூக்கம், அந்த மாதிரி?"

வெற்றிச்செல்வி வாய் திறந்தாள். ராசாங்கம் அவள் கையை மேசைக்கடியில் அழுத்தினார்.

"இல்லம்மா" என்றார்.

கலைமணி இருவரையும் ஒரு கணம் பார்த்தாள். "மறுபடி பாக்கச் சொல்லி எழுதறேன். இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் உங்ககிட்டயே போன்ல பேசுவாரு. எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள்.

போன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரும் என்று செய்தி வந்தது. ராசாங்கம் இரண்டு தரம் முகம் கழுவினார். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மணி தாண்டியது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரில் வேப்பமர நிழல் முன்னும் பின்னுமாக ஆடியது. மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தார்.

டாக்டரின் குரல் நிதானமாக இருந்தது. பெயர், வயது, வேலை கேட்டார். மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டார். "கொஞ்சம் இருங்க, உங்க பழைய ரிப்போர்ட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த முனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மணல் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. ராசாங்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். அது பத்தடி தூரம் போயிற்று. அவருடைய டிப்பர் லாரி அங்கே நின்றது. அதன் மேல் பாசி படர்ந்திருந்தது. சின்னச் சின்ன மீன்கள் கண்ணாடி வழியாக உள்ளே போய்ச் சீட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. தண்ணீருக்கு மேலே வரவே அவருக்கு மனசில்லை. ஆனால் மார்பு இறுகியது. யாரோ மிக உயரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்த வெற்றிச்செல்விக்கு முதலில் கேட்டது போனில் "ஹலோ, ஹலோ" என்ற குரல். அடுத்து புருஷனின் குறட்டை. ஓடிவந்து போனை எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். அசந்துட்டாரு. எழுப்பறேன்."

"இருங்கம்மா. இப்ப சத்தம் நின்னு போச்சே, என்ன ஆச்சு?"

"மூச்சு நின்னுருக்கு சார்."

"என்னது?"

"அப்படித்தான் நிக்கும். நான் எண்ணிக்கிட்டிருக்கேன். இருபது வந்தா தட்டிருவேன்." அவள் குரலில் பதற்றமே இல்லை. "பதினாறு, பதினேழு, பதினெட்டு..."

பெரிய மூச்சொன்று வெடித்து வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. ராசாங்கம் தூங்கியபடியே இருந்தார்.

டாக்டர் கேட்டார்: "எவ்வளவு நாளா இப்படி எண்ணுறீங்க?"

"ஆறு வருஷமா சார். ராத்திரில நான் கண் அசந்தா யாரு தட்டுறது?"

"தூக்கத்துல மூச்சு எப்படி இருக்குன்னு டெஸ்ட் எடுத்தீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்குங்களா? இவரு யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அதற்குள் ராசாங்கம் விழித்துவிட்டார். போன் மனைவி கையில் இருப்பதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. டாக்டர் அவரோடு பேசினார். அதட்டவில்லை. "இதத்தான் ராசாங்கம் நாங்க கேட்டுக்கிட்டிருந்தோம். டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் அனுப்பச் சொல்லுங்க. இத மறைக்காதீங்க, உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ராசாங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"முட்டி வலிக்காக நான் சாவியக் குடுக்கல செல்வி. அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டு மேல வரப்ப தூங்கிட்டேன். கண்ண முழிச்சா வண்டி பள்ளத்து ஓரத்துல தடுப்பு மண்மேட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு அந்தப் பக்கம் அறுவது அடி. கீழ ஆளுங்க வேல பாத்துக்கிட்டிருந்தாங்க. தூங்குறவன்னு தெரிஞ்சா எடை மேடையிலயும் வச்சுக்க மாட்டாங்கன்னுதான்..."

வெற்றிச்செல்வி சொன்னாள்: "அன்னிக்கு வந்து கருவாட்டுக் கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க." அவள் அழுதது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் காலை ராசாங்கம் அய்யம்பெருமாளிடம் போய் உள்ளதைச் சொன்னார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அன்னிக்கே சொல்லிருந்தா லீவு போட்டு அனுப்பிருப்பேன்ல? போய் உடம்பப் பாரு. அதுவரைக்கும் எடை போட வேற ஆளா இல்ல?" என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுமந்த பயம் இரண்டு வரியில் முடிந்துபோனதை ராசாங்கத்தால் நம்ப முடியவில்லை. அதுவும் கனவோ என்று நின்றார்.

டெஸ்ட் எடுத்தார்கள். விரலில் ஒரு கிளிப், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு தடைப்படுகிறது என்று ரிப்போர்ட் சொன்னது. கலைமணி அதை அனுப்பினாள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. இருவரும் சிறுவாச்சூர்க் காளி கோயிலில் வரிசையில் நின்றார்கள். கற்பூரப் புகை வெயிலோடு கலந்து எல்லாமே மிதப்பதுபோலிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ராசாங்கம் படித்தார். மறுபடி படித்தார். மனைவியிடம் நீட்டினார்.

"நான் முழிச்சிருக்கேனா பாரு. எனக்கு அப்ரூவ்டுன்னு தெரியுது."

"எனக்கும் அப்படித்தாங்க தெரியுது" என்றாள் அவள்.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. முதல் வாரம் சின்னக் கப்பில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் கஞ்சித் தண்ணீர். சாப்பிடும் ஆசை சில நாள் அவரைப் பாடாய்ப் படுத்தியது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனைக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். மார்கழி பிறந்தபோது இருபத்தாறு கிலோ குறைந்திருந்தது. பகலில் தூக்கம் வருவது நின்றுவிட்டது. கடலும் வருவது நின்றுவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாகப் பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது அரியலூரில் டவுன் பஸ் பிடித்தார்கள். வெளியே பருத்திக் காடு வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஓடியது. ராசாங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அவர்கள் இறங்க வேண்டிய கல்லங்குறிச்சி வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ராசாங்கம் அசையவில்லை.

"இறங்கலையா? டிக்கெட் இதுவரைக்குந்தான்."

"சத்தம் போடாதீங்க" என்று ராசாங்கம் மெல்லச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் கடைசி ஸ்டாப்புக்குக் குடுங்க."