காலை ஆறு மணி அறிவிப்பு

பேச்சிராஜ் குற்றாலத்தில் விடுதி நடத்துகிறான். விடுதியின் இணையதளத்துக்கு வந்து, அறிவிப்புகளுக்குச் சம்மதித்த மூவாயிரம் பேரின் செல்போனுக்குச் சீசனில் தினமும் காலை ஆறு மணிக்கு அருவி நிலவரம் போகும். ஒரு வாரத்துக்குரியதை ஞாயிறன்றே எழுதி வைத்துவிடுவான்; நேரம் வந்ததும் தானாகப் போய்விடும்.

அன்று ஏழு மணிக்கு மனைவி மாரிச்செல்வி அவனை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, தண்ணி நல்லா விழுது, குளிக்க வாங்கன்னு உங்க அறிவிப்பு வந்திருக்கு. மலையில விடிய விடிய மழை! எங்க அண்ணன் அத நம்பி பிள்ளைகளோட பெரிய அருவிக்குப் போயிட்டான்."

உடனே எல்லோருக்கும் 'வெள்ளம், யாரும் வர வேண்டாம்' என்று அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. குளிக்கப் போகிறவர்கள் செல்போனை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் துண்டோடுதான் இறங்குவார்கள்.

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அருவி செம்மண் நிறத்தில் கொட்டியது. போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இப்பால் மாரிச்செல்வியின் அண்ணன் பிள்ளைகளோடு நின்றான்.

"என்ன மாப்ளே, நீ வாங்கன்னு கூப்பிடுத, போலீஸ்காரரு போங்கன்னு வெரட்டுதாரு!"

பேச்சிராஜ் பிள்ளைகள் இருவரின் தலையையும் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் நூறு பேராவது துண்டோடு நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் தன்னை நம்பி வந்தவர்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.