பத்தைக் கழித்த காற்று

அன்று பிற்பகல் வலைக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கே பேர். பெரியவர், அவருடைய ஒரே மகன், படகின் இன்ஜினைக் கவனித்துக்கொள்வதால் ஸ்பேனர் என்று பெயர் வாங்கியவன், ஊர்ப்பேச்சைச் சுமந்து திரிவதால் தந்தி என்று பெயர் வாங்கிய, ஐஸ் கட்டிகளை இறக்க வந்தவன். பேச்சு முற்றிய நேரத்தில் மருமகளும் வந்து சேர்ந்தாள். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. ஆகவே யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

துறைமுக அலுவலகத்துக் கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வானிலை மையத்திலிருந்து வரும் கடல் அறிக்கையை அதில் வாசிப்பது மருமகளின் உத்தியோகம். நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். எண்களை இரண்டு முறை சொல்லுவாள்.

"தெற்கே ஆழ்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுவடைந்துள்ளது. நாளை முற்பகல் முதல் காற்று மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை வீசக்கூடும். அறுபத்தைந்து கிலோமீட்டர். கடல் கடும் கொந்தளிப்புடன் இருக்கும். யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

பெரியவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பத்தைக் கழி."

"அப்போ ஐம்பத்தஞ்சு," என்றான் தந்தி, பாடம் ஒப்பிப்பதைப் போல.

அந்தத் துறைமுகத்தில் அது ஒரு பழக்கம். பெரியவர் தொடங்கி வைத்தது. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை எச்சரிக்கை வந்து எல்லாரும் கரையில் முடங்கியிருக்க, அவர் மட்டும் போய்ப் படகு நிறைய மீனோடு திரும்பி வந்தார். கடல் அன்று குளம் மாதிரி கிடந்தது. "ஆபீஸ்காரங்க தங்களோட தலை தப்பணும்னு பத்து கூட்டித்தான் சொல்லுவாங்க" என்றார். அது முதல் ஒலிபெருக்கி எந்த எண்ணைச் சொன்னாலும் துறைமுகமே பத்தைக் கழித்துக்கொண்டது. கழித்த பிறகு அறுபதுக்குக் கீழே என்றால் படகு போகும். அறுபதைத் தாண்டினால்தான் யோசனை.

மகன் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. காற்று இல்லை. ஆனால் தெற்கிலிருந்து நீண்ட, பருத்த அலைகள் ஓசையில்லாமல் வந்து, கட்டியிருந்த படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, காத்தே இல்ல. ஆனா அலையைப் பாருங்க. இது இங்க கிளம்பின அலை இல்ல. எங்கயோ தூரத்துல ஏதோ நடக்குது. இந்த ஒரு வாட்டி இருந்துட்டுப் போலாமே?"

"உங்க தாத்தா கரையில இருந்தாரா? நான் இருந்தேனா?"

"இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ சொல்லலடா. மைக்குல உன் பொண்டாட்டி சொல்றா, நீ இங்க திருப்பிச் சொல்ற."

தந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஸ்பேனருக்குச் சிரிப்பு வரவில்லை. மகனின் காது மடல் சிவந்ததை அவன்தான் பார்த்தான்.

அப்போதுதான் மருமகள் வந்தாள். அறிக்கையை வாசித்த கையோடு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்திருந்தாள். கணவனைப் பார்க்காமல் நேரே மாமனாரிடம் போனாள்.

"மாமா, கழிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். இந்தத் தடவை வேணாம். நேத்து அம்பதுன்னு வந்தது, இன்னைக்கு அறுபத்தஞ்சுன்னு வந்திருக்கு. ஏறிட்டே இருக்கு மாமா. இதுல பேரம் பேச இது என்ன மீன் விலையா?"

வெளியாள் முன்னால் மருமகள் எதிர்த்துப் பேசியது பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மைக்கு முன்னாடி நீ ஆபீசரு. இந்தக் கொட்டகைக்குள்ள நீ மருமக. வாசிக்கிறது உன் வேலை. போறதும் வர்றதும் ஆம்பளைங்க வேலை. இந்த வீட்டுல காத்துக்குப் பயந்து கரையில குந்தினவன்னு இதுவரைக்கும் ஒருத்தன் பேர் எடுத்ததில்ல. இனிமே எவனாவது எடுக்கணும்னா, என் கண்ணு மூடினப்புறம் எடுக்கட்டும்."

மகன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு தந்தியின் முகத்தைப் பார்த்தான். இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் ஏலக்கூடம் வரை போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஐஸை ஏத்துங்க," என்றான்.

மறுநாள் விடியலில் அவனும் ஸ்பேனரும் கிளம்பிப் போனார்கள். பெரியவர் வழக்கம்போல் அலைதடுப்புச் சுவர் வரை நடந்து போய் நின்றார். கையசைப்பது அந்தக் குடும்பத்தில் கிடையாது. மகன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வேறு சில படகுகளும் கிளம்பின. ஆனால் அலையின் கனத்தைக் கண்டு துறைமுக வாயிலிலேயே திரும்பிவிட்டன. திரும்பி வந்தவர்களைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

முற்பகலில் தெற்கு வானம் ஈயம் போல் மங்கியது. முதலில் குளிர்ந்த காற்று ஒன்று வந்து கொட்டகையின் தகரத்தைத் தட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தகரமே பறந்தது. மழை மேலிருந்து விழவில்லை, குறுக்காக அடித்தது. கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. பெரியவர் அலைதடுப்புச் சுவரில் ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரைப் பிரித்து இழுத்து வந்தார்கள்.

ஒலிபெருக்கியில் மருமகளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. காணாமல் போன படகின் நிறம், நீளம், கடைசியாகப் போன திசை. தன் கணவனின் படகு என்று அவள் சொல்லவில்லை. அலுவலகத்தில் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னாள், எண்களை இரண்டு முறை.

ஸ்பேனரை ஒரு சரக்குக் கப்பல் எடுத்துவந்து சேர்த்தது. காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்தபடி கிடந்திருக்கிறான். மகன் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்பேனர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான். உப்பில் வெந்த உதடுகள் திறக்கவே சிரமப்பட்டன.

"ஐயா, பாதி தூரத்துலயே நான் சொன்னேன். திரும்பிடலாம், இன்னும் நேரம் இருக்குன்னு. அவரும் ஸ்டியரிங்கைத் திருப்பினாரு. அப்புறம் மறுபடியும் நேராக்கிட்டாரு. 'பாதியில திரும்பினா அப்பா முகத்துல எப்படிடா முழிக்கிறது'ன்னாரு."

பெரியவர் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து வந்தார். ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அவர் சுவரைப் பிடித்து நடந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கொட்டகையில் பெரியவர் பத்தைக் கழிக்கச் சொல்லி வந்த ஐம்பத்தைந்து, தந்தியின் வாயிலிருந்து ஐஸ் கிடங்குக்கும், அங்கிருந்து ஏலக்கூடத்துக்கும், ஏலக்கூடத்திலிருந்து பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கும் போய்ச் சேர்ந்தபோது, மருமகள் மைக்கில் வாசித்த எண்ணாக மாறிவிட்டது. "அறுபத்தஞ்சுன்னு வந்ததை அவ அம்பத்தஞ்சுன்னு வாசிச்சுட்டாளாம். கட்டினவனைக் கடலுக்கு அனுப்பிட்டா." அலுவலகத்திலிருந்து விசாரிக்க அதிகாரி ஒருவர் வருவதாகவும் தகவல் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களால் வீட்டின் முன்னறை நிறைந்திருந்தது. உள்ளறையில் பெரியவரின் தம்பி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"அண்ணே, ஊரு பேசுறதைப் பேசட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க. உங்களைக் குத்தம் சொல்லி ஒருத்தன் ஒரு வார்த்தை பேசல. பழி வேற பக்கம் போயிடுச்சு. குடும்ப மானம் தப்பிச்சுது."

"அவ யாரு?" என்றார் பெரியவர்.

"யாரு?"

"என் மருமக. அவ எந்தக் குடும்பம்டா?"

தம்பி கதவை விட்டு விலகி நின்றார்.

பெரியவர் கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்கு வந்தார். அதிகாரி வந்து ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் சுவரோரம் தரையில் இருந்தாள். மாமனார்மேல் பழி சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாசல் பக்கம் தந்தி நின்றிருந்தான். பெரியவரைக் கண்டதும் பேச்சுகள் அடங்கின. உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் உட்காரவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் பையனைக் கடல் கொண்டுபோகல. என் வாய் கொண்டுபோச்சு. வேணாம்ப்பான்னு அவன் சொன்னான். நாலு பேர் முன்னாடி அவனைக் கேலி பண்ணி ஏத்தி விட்டேன். திரும்ப நேரம் இருந்தும் எனக்குப் பயந்து திரும்பல. காத்துக்குப் பயப்படாதவன் என்னைப் பார்த்துப் பயந்தான்."

பெரியவர் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கரையில இருந்திருந்தா இந்த வீட்டு மானம் ஒண்ணும் போயிருக்காது. நாளைக்கு அறிக்கை வந்தா வந்தபடி கேளுங்க. போகலைன்னு சொல்ற பிள்ளையைக் கோழைன்னு சொல்லாதீங்க. அப்படிச் சொல்றவன்தான் கொலைகாரன். கரையில உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் திட்டவாவது செய்யலாம். எனக்கு அதுக்கும் ஆள் இல்ல."

மருமகள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கணவன் போன பிறகு அவள் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான்.

அதிகாரி தயக்கத்துடன் எழுந்தார். "பெரியவரே, இந்த நேரத்துல கேட்கக்கூடாதுதான். அன்னைக்கு அறிக்கையில ஐம்பத்தஞ்சுன்னு வாசிச்சதா வெளியில பேசிக்கிறாங்களே..."

"பொய்," என்றார் பெரியவர். "அறுபத்தஞ்சுன்னு வாசிச்சா. ரெண்டு தடவை வாசிச்சா. ஐம்பத்தஞ்சுன்னு சொன்னது அவ இல்ல. பத்தைக் கழிச்சது நான்."