சந்ததியில் சேர்த்தி

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில், பிறந்த சூடு ஆறாத மகனுக்கு இருதய ஆபரேஷன். பிழைப்பானா என்று டாக்டரே சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோகுமுன் ஞானஸ்நானம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாள், கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் வளர்ந்த நாசரேத்துக்காரி ஜெபமலர். அவள் புருஷன் ஆசீர் முழுக்கு ஞானஸ்நானச் சபையின் பாஸ்டர். அவன் மசியவில்லை.

"அவனா விசுவாசிச்சு எடுக்கணும்ளா. வளரட்டும்."

"வளருவானான்னு தெரியாமத்தானே சாவுதேன்! கர்த்தர் ஆபிரகாமுக்குக் குடுத்த வாக்கு சந்ததிக்கெல்லாம் உண்டுன்னு வாராவாரம் மைக்குல கத்துதிய. அதுல எம்புள்ள மட்டும் சேத்தியில்லையோ?"

பிள்ளையைத் தூக்க நர்ஸ் வந்துவிட்டாள். ஜெபமலர் பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினாள். நடுக்கத்தில் பாதி சிந்தியது. ஆசீர் அவள் கையைப் பிடித்தான். தடுக்கிறான் என்றே நினைத்தாள். அவனோ அந்தக் கையைப் பிள்ளையின் நெற்றிமேல் நடுங்காமல் தாங்கிக்கொண்டான். ஞானஸ்நான வார்த்தைகளை அவள்தான் சொன்னாள்.