நூலோட்டம் விட்ட ஏரி

வலது தோளில், மூட்டை உட்காரும் இடத்தில், எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. குளிர் நாளில் அது இறுகிக்கொள்ளும். அன்று மாலை அந்த இடம் விண்விண் என்று தெறித்தது. தானியக் கிடங்கில் காலையிலிருந்து லாரி மேல் லாரியாக வந்தபடி இருந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் பெண்டாட்டி, மலைமேல் இருக்கிற ஏரிகளைப் பார்க்கப் போகலாமா என்றாள். முதுகில் பையோடு, நடந்தே, பல நாள்.

கூலி வாங்கிச் சுமக்கிறது போதாதென்று லீவு போட்டும் சுமக்கணுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத விஷயம் நடந்தே தீரும் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு வேலை ஒரு தையல் கூடத்தில். மலையேறுகிறவர்கள் மாட்டுகிற பெரிய பைகளும் கூடாரங்களும் அங்கே தைக்கிறார்கள். தைத்து முடித்த பையில் கடைசியாக ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவது அவள் கை வேலை. அட்டையில் ஓர் ஏரியின் படம். வட்டமாக, கரும்பச்சையாக, ஓரத்தில் கறுப்புப் பாறை ஒன்று தண்ணீருக்குள் காலை நீட்டிக் கிடக்கும். வருஷக்கணக்காக அந்த ஏரியை ஊரார் முதுகுக்கெல்லாம் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

"எல்லாரையும் நான்தான் வழியனுப்பி வைக்கிறேன். ஒரு தடவை நானும் போறேனே," என்றாள்.

ஆசைப்படுகிற ஆட்கள் ஏராளம். ஆசையை அளவெடுத்து, வெட்டி, தைத்து முடிக்கிற ஆளாக நான் இவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன். பழுதுபார்க்கப் பை கொண்டுவருகிறவர்களை அவள் லேசில் விடமாட்டாள். வார் எங்கே அறுந்தது என்று ஆரம்பிப்பாள். எந்த ஏரிக்கரையில் தங்கினார்கள், எந்த ஏற்றத்தில் மூச்சு முட்டியது, எங்கே தலைவலி வந்து திரும்பினார்கள் என்று கறந்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்பாள்.

கறந்ததையெல்லாம் ஒரு துணியில் இறக்கினாள். கூடாரத்துக்கு வெட்டி மிஞ்சிய துண்டு அது. நான்கு நீலப் பொத்தான்கள், அவைதான் ஏரிகள். வழி என்பது நூல். சமதரையில் தையல் நீளநீளமாகப் போகும், ஏற்றம் வந்தால் நெருங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் எங்கே நாக்குத் தள்ளும் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய எந்தப் படமும் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

மூன்றாவது பொத்தானைச் சுற்றி நூலை வளையமாக ஓட்டியிருந்தாள். அங்கே ஒரு நாள் முழுக்க எங்கும் நகராமல் கிடக்க வேண்டும், உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று. நான்காவது பொத்தான் அட்டையில் இருக்கிற ஏரி. அதற்குப் போகிற வழியை மட்டும் அவள் இறுக்கித் தைக்கவில்லை. நூலோட்டம் விட்டிருந்தாள். தைப்பதற்கு முன்னால் துணியைச் சும்மா பிடித்து வைக்கிற தளர்ந்த ஓட்டு அது. முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

அவள் தம்பி, என் மச்சான், எங்களோடு வருவதாக இருந்தது. கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவான், அதைவிட அதிகமாகப் பேசுவான். துணியைப் பார்த்ததும் அவனுக்கு அந்த வளையம் பிடிக்கவில்லை. எங்களுக்கு லீவு என்றால், கிடங்கில் பூச்சிமருந்துப் புகை போட்டு அடைத்து வைக்கிற நாட்கள்தான். அதற்கு மேல் ஒரு நாள் கேட்டால் மேஸ்திரி வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

"சும்மா படுத்துக் கிடக்கறதுக்கு மலை எதுக்கு அக்கா, வீட்டுத் தரை போதாதா? அந்த ஒரு நாளை எடுத்துட்டா உன் ஏரி நிச்சயம். உனக்காகத்தான் சொல்றேன்."

"என் ஏரியைப் பத்தி நீ கவலைப்படாத. உன் மண்டையைப் பத்தி நான் கவலைப்படறேன்," என்றாள். வளையம் அப்படியே இருந்தது.

பயிற்சிக்கு எங்கள் குடியிருப்பின் மாடிப்படி. லிப்ட் ஓடாத கட்டடம், நாங்கள் இருப்பது உச்சியில். பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு ஏறி இறங்கினோம். முதல் நாளே சண்டை. சுமை ஏறினால் எங்கள் கால் தானாக ஓடும். மெதுவாகப் போனால் மூட்டை கனக்கும் என்பது கிடங்கின் பாடம். அவள் எங்களுக்கு முன்னால், கல்யாண வீட்டுக் கிழவி மாதிரி ஒவ்வொரு படியாக வைத்தாள். தாண்டிப் போனவனைக் கீழே அனுப்பி முதலிலிருந்து ஏறவைத்தாள். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, வீடு மாற்றுகிறீர்களா என்று விசாரித்தார். ஆமாம், மாமாவைக் காலி பண்ணுகிறோம் என்றான் கிரேன். அவன் பையில் ரகசியமாக ஓர் இரும்பு வாணலி இருந்தது. இதெல்லாம் ஒரு சுமையா என்று வாதாடினான். அங்கே யாருக்கு வறுக்கப் போகிறாய் என்று கேட்டு அதை எடுத்து அடுப்படியில் வைத்தாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து கிரேன் காலுறையைக் கழற்றினான். குதிகாலில் கொப்புளம் உடைந்து துணி சிவந்திருந்தது. எப்போதிலிருந்து என்றாள். முந்தாநாளிலிருந்து என்று தரையைப் பார்த்துச் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நான்தான் விளக்கினேன்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. லாரியில் எடுத்த மூட்டையை, அடுக்கி அட்டி போடும் இடத்துக்குப் போய்ச் சேரும் முன் நடுவில் இறக்கினவன், எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். டீ பெரிய விஷயமில்லை. அதைக் குடித்து முடிக்கும்வரை எல்லோரும் அவனைப் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதற்குப் பயந்து இடுப்பு முறிந்தாலும் இறக்கமாட்டோம். வலி என்று சொல்கிற நாக்கு எங்களுக்கு மரத்துப்போய் வெகு காலமாகிவிட்டது.

அவள் அவன் காலுக்கு மருந்து போட்டாள். யோசித்துக்கொண்டே இருந்தாள் என்பது தெரிந்தது. குழம்பில் உப்பு இல்லை. மறுநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்.

"தலை வலிச்சாலும் சரி, குமட்டினாலும் சரி, கால் கடிச்சாலும் சரி, வாய் விட்டுச் சொல்றவங்களுக்கு மத்த ரெண்டு பேரும் டீ போட்டுக் கொடுக்கணும். அவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் பேசக் கூடாது."

அந்த வாரம் கிரேனுக்கு வராத வியாதி இல்லை. முதல் மாடியில் முழங்கால், மூன்றாம் மாடியில் காது, உச்சியில் நெஞ்சு முழுவதும். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுளிக்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் ஏமாற்றுகிறான், இவள் ஏமாறுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு முழு ஆண்பிள்ளை, வலிக்குது வலிக்குது என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். பார்த்துப் பார்த்து எனக்கும் வாய் வந்தது. மரத்த நாக்கை ஒரு டம்ளர் டீயால் இளக்கிவிட்டாள். வருஷக்கணக்கில் மூட்டை தூக்குகிறேன், இப்படி ஒரு நெம்புகோலைப் பார்த்ததில்லை.

மலைக்குப் போனோம். முதல் ஏரியில் இறங்கிக் கை வைத்தேன். எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. இரண்டாவது ஏரியில் மேகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்தது. எல்லாம் துணியில் இருந்தபடியே வந்தது. தையல் நெருங்கிய இடத்தில் மூச்சு முட்டியது, நீண்ட இடத்தில் கால் ஆறியது.

மூன்றாவது ஏரிக்கு வந்து சேர்ந்த மாலை, என் நெற்றிப்பொட்டில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. சாப்பாடு எதிரே இருந்தால் வயிறு புரட்டியது. எதிர்ச்சரிவில் மேலே போகிற பாதை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் அவள் ஏரி. அவள் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்காக இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன்.

"தலை வலிக்குது," என்றேன்.

கிரேன் என்னைப் பார்த்தான். கேலிக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாய்த்ததில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய் அடுப்பை மூட்டினான். நான் குடித்து முடிக்கும்வரை இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடித்தது வயிற்றில் நிற்கவில்லை.

வளையம் போட்ட நாள் முழுவதும் படுத்துக் கிடந்தேன். அந்த நாள் மட்டும் துணியில் இல்லாதிருந்தால், விடிந்ததும் தலைவலியோடு மேலே ஏறியிருப்பேன். மேலே என்ன ஆகியிருக்கும் என்று கிரேன் இன்றைக்கும் பேசுவதில்லை. மறுநாள் காலையிலும் வலி இறங்கவில்லை. எழுந்து நின்றால் தரை ஒரு பக்கமாகச் சரிந்தது.

கிரேன் சொன்னான்: "நான் மாமாவைக் கூட்டிக்கிட்டு இறங்கறேன். நீ, பக்கத்துல மேலே போறதுக்கு ரெண்டு பேர் கூடாரம் போட்டிருக்காங்களே, அவங்களோட போயிட்டு வந்துடு அக்கா." நானும் அதையே சொன்னேன், கெஞ்சுகிற குரலில்.

அவள் பையிலிருந்து துணியை எடுத்தாள். நான்காவது பொத்தான் பக்கத்து நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். நூலோட்டம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதை விரலில் சுற்றிப் பத்திரப்படுத்தினாள்.

"மூணு பேரா ஏறினோம். இதுக்குத்தான் இதைத் தைக்காம விட்டேன். பையை நான் எடுத்துக்கறேன், நீங்க சும்மா வாங்க."

பெருமூச்சு விடவில்லை. திரும்பிப் பார்த்தாளா என்றால், ஒரு தடவை பார்த்தாள். என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால், அதே கிழவி நடையில், ஒவ்வோர் அடியாக இறங்கினாள். முதல் ஏரிக்கு வரும்போது எனக்குப் பசித்தது.

இப்போதும் அவள் அந்த அட்டையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஏரிக்குப் போய் வந்தவர்கள் பழுதுக்குப் பை கொண்டுவந்தால், பாறை படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்கிறாளாம். வீட்டில் அந்தத் துணி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான்காவது பொத்தானுக்கு வழி இல்லை.

என் பெண்டாட்டிக்கு நான் ஓர் ஏரி பாக்கி. நான்காவது ஏரி. இன்னும் தீர்க்கவில்லை.