சிவப்புத் தேநீரில் கலந்தது

மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பு மேடை ஓரத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. அதற்குள் செக்கச்செவேலென்று, ஊசி ஊசியாக நறுக்கிய இலை. அதைச் செய்தித்தாளில் கொட்டி, தான் தினமும் குடிக்கிற சாதாரணத் தேயிலைத் தூளைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலந்தார். மறுபடி டப்பாவில் அடைத்து மூடினார். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குழந்தைகளுக்கு அவள் ‘வேன் அத்தை’. காலையில் பதினைந்து வீட்டு வாசலில் நின்று, பதினைந்து பிள்ளைகளை ஏற்றி, சீட் பெல்ட் மாட்டிவிட்டு, சண்டையைத் தீர்த்துவைத்துக் கொண்டுபோய் இறக்குவாள். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டுமல்ல. பெண்பிள்ளை வேன் ஓட்டுவதா என்று சிரித்தவர்களெல்லாம் இன்றைக்குத் தங்கள் பேரப்பிள்ளைகளை அவளிடம்தான் அனுப்புகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. ஓடாமலே ஓடினமாதிரி அடித்துக்கொள்ளும். கை நடுங்கும். டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார். “உங்க உடம்புக்குக் கஃபீன் ஒத்துக்கல. காப்பி, டீ ரெண்டையும் விட்டுடுங்க. விட்டா வேன் ஓட்டலாம், பயமில்ல” என்றார்.

விட்டாள். ஆனால் விடியற்காலையில் சூடாக ஒரு குவளை இல்லாமல் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெந்நீர் குடித்துப் பார்த்தாள். அது குளிக்கத்தான் லாயக்கு. அப்போதுதான் வேனில் வருகிற ஒரு சிறுமியின் அம்மா, பல வருஷம் தென்னாப்பிரிக்காவில் நர்ஸாக இருந்து திரும்பியவர், ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்.

“அக்கா, இது பேரு ரூய்போஸ். அங்க மலைப்பக்கம் வளர்ற ஒரு புதர்ச்செடி. டீன்னு சொல்றாங்களே தவிர நம்ம தேயிலைக்கும் இதுக்கும் ஒட்டு உறவு கிடையாது. கஃபீன் துளிகூட இல்ல. எவ்வளவு நேரம் கொதிச்சாலும் கசக்காது. ஆனா ஒண்ணு, இது மருந்து இல்ல. மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, பால் ஊற்றிக் குடித்தாள். இனிப்புப் போடுவதற்கு முன்பே ஒரு லேசான இனிப்பு. நாலு மடக்கு உள்ளே போனதும் அவள் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அடுத்து ஹனிபுஷ் என்று அதே பக்கத்து இன்னொரு செடியையும் வாங்கிப் பார்த்தாள். அதில் தேன் வாசனை. “போன உசுரு வந்துடுச்சு” என்று நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அதற்கப்புறம் பயமில்லாமல் பெரிய பெரிய குவளையாகக் குடித்தாள். வேனிலும் ஒரு பிளாஸ்க் நிறைய இருக்கும்.

இதுதான் புருஷனுக்கும் அவருடைய அக்காவுக்கும் பொறுக்கவில்லை.

“ஏன்டா தம்பி, ஊர்ல உலகத்துல யாரும் டீ குடிக்கலையா? இவளுக்கு மட்டும் நெஞ்சு படபடக்குதாம்! கடல் தாண்டி இலை வரணுமாம். மகாராணி!” என்றாள் அக்கா, அவர் போட்டுக்கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே.

“எல்லாம் மனசுதான்க்கா. நான் நிரூபிச்சுக் காட்டறேன் பாரு.”

நிரூபிக்கத்தான் அந்தக் கலப்படம். அவளுக்குத் தெரியாமல் ஒரு வாரம் குடிக்க வைப்பது, ஒன்றும் ஆகாது, பிறகு அக்கா முன்னால் டப்பாவைத் திறந்து காட்டிச் சிரிப்பது. அதுதான் திட்டம். இந்த மனுஷனின் தொழில் என்ன? கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பது. அவர்கள் சொல்வதை அப்படியே நம்பி எழுதிக்கொள்வார். முன்பின் தெரியாதவன் தன் கண்ணைப் பற்றிச் சொன்னால் நம்புவார். கட்டின மனைவி தன் நெஞ்சைப் பற்றிச் சொன்னால் நடிப்பு! எரிச்சலாக இல்லையா உங்களுக்கு? எனக்கு இருக்கிறது.

முதல் நாளே அவள் முகம் சுளித்தாள். “என்னங்க, கசக்குது?”

“பாக்கெட் மாறியிருக்கும். குடி, ஒண்ணும் ஆகாது.”

மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து எழுந்து வந்தாள். “ராத்திரி பூரா தூக்கமே இல்லங்க. பழைய மாதிரி படபடன்னு அடிக்குது.”

‘நல்லா நடிக்கிறா’ என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். தெரியாமல் குடித்தவள் எப்படி நடிப்பாள்? இந்தக் கேள்வி அந்த மண்டைக்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் டப்பாவை அன்றைக்கே குப்பையில் கொட்டியிருப்பார். அவளோ சிவப்பு இலை என்று நம்பி, வழக்கம்போல நெடுநேரம் கொதிக்கவிட்டு, தேயிலையின் சாரத்தையெல்லாம் இறக்கி, குவளை குவளையாகக் குடித்தாள்.

அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெரிய சாலையில், பிள்ளைகள் நிறைந்த வேனுக்குள் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு கூட்டுக்குள் அடைபட்ட கோழியாக அடித்துக்கொண்டது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினாள். கைப்பிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள், பள்ளிக்குப் போன் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தாள். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பிள்ளைகள் அழுத அழுகை தெருவையே கூட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: “காப்பி, டீ ஏதாவது குடிச்சீங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டர். அந்தச் சிவப்பு டீ மட்டும்தான்.”

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். “அப்போ நோய்தான் முத்தியிருக்கு. மாத்திரையைக் கூட்டணும். வேன் ஓட்டறதை நிறுத்திடுங்க.”

புருஷன் பக்கத்தில்தான் நின்றார். வாயில் கொழுக்கட்டை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் போய்விடுமாம். தேவையில்லாத மாத்திரை அவள் உடம்புக்குள் போகலாம், அவள் வேலை போகலாம், இவர் மானம் மட்டும் போகக்கூடாது!

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து போன் வந்தது. நாளையிலிருந்து வேறு டிரைவர் வருகிறார், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அவள் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சமையலறைக்குப் போனாள். டப்பாவைத் திறந்தாள், கொதிக்கவைத்தாள், வடிகட்டினாள். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அதுதானே. குவளை உதட்டுக்கிட்டே போனது.

“குடிக்காத!”

பாய்ந்துவந்து குவளையைத் தட்டிவிட்டார். சூடான டீ சுவரெல்லாம் தெறித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா சிரித்தது, செய்தித்தாளில் கலந்தது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எதையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. “என்னைச் சோதிக்க வேன்ல இருந்த பிள்ளைங்களையும் பணயம் வச்சீங்களா?” என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“பள்ளிக்கூடத்துலயும் சொல்லுங்க. பெத்தவங்க முன்னாடி சொல்லுங்க.”

“அங்க எதுக்கு? ஊரே காறித் துப்புமே!”

“துப்பட்டும். என் உடம்புல கோளாறுன்னு ஊரே பேசிட்டிருக்கே, அது பரவாயில்லையா?”

அவர் எழுந்து டப்பாவைக் குப்பையில் கொட்டினார்.

காலையில் முதலில் டாக்டரம்மாவிடம் போனார்கள். எல்லாவற்றையும் கேட்ட அவர், “மருந்து எழுதற கையை நீங்க தப்பான பக்கம் திருப்பிட்டீங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதினார். மறுபடி பரிசோதித்து எல்லாம் சரியென்றால் வேன் ஓட்டலாம் என்று சீட்டு தருவதாகவும் சொன்னார்.

தலைமையாசிரியை அறையில் பெற்றோர்கள் ஏழெட்டுப் பேர் கோபமாக நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அவர்கள் நடுவில் போய் நின்றார். அவர்களில் பாதிப் பேர் மூக்கில் இருந்தது அவர் கடைக் கண்ணாடி. ஆனாலும் சொன்னார்.

“தப்பு அவ உடம்புல இல்லீங்க. என் புத்தியில. அவ சொன்னதை நம்பாம, அவளுக்குத் தெரியாம டீத்தூளைக் கலந்தது நான்தான்.”

“அட பாவி மனுஷா!” என்றார் ஒரு தகப்பன். ஒருவர் அடிக்கவே கையை ஓங்கினார். நர்ஸம்மா அவரைத் தடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

“சார், ஒருத்தருக்கு ஒத்துக்காததைத் தெரியாம கலந்து கொடுக்கறது விளையாட்டு இல்ல, விஷம் வைக்கறது. நீங்க இவங்களுக்குப் பண்ணது, நாளைக்கு வேற யாராவது கடலை ஒத்துக்காத ஒரு பிள்ளைக்குப் பண்ணுவாங்க. பிள்ளை போனப்புறம் எதை நிரூபிக்கறது?”

தலைமையாசிரியை வேன் அத்தையைப் பார்த்து, “டாக்டர் சீட்டு வந்ததும் வண்டியை எடுங்கம்மா. அந்த நிலைமையிலயும் பிள்ளைங்களைப் பத்திரமா நிறுத்தினது நீங்கதான்” என்றார்.

வெளியே வந்ததும் புருஷன் அவள் பின்னாலேயே நடந்தார். “மன்னிச்சிடு. இனிமே உன்னை நம்பறேன்.”

அவள் நின்று திரும்பினாள்.

“வலிக்குதுன்னு சொல்றவகிட்ட சாட்சி கேக்கற இடத்துக்குப் பேரு கோர்ட்டு. நான் உங்க வீட்டுக்கு வாழத்தான் வந்தேன், வழக்காட வரல.”