தலைவர் கேட்ட சாவுப் பாட்டு

எழுபத்தெட்டாம் வருஷத்துத் திருவிழா நாடகம் பார்த்ததிலிருந்து, உடையார்பாளையத்துப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த இராமலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாகும் காட்சியில் ராஜாவாகப் படுத்திருந்தவன் அரியலூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் தங்கராசு. ஆர்மோனியக்காரர் வைரக்கண்ணு, வாழ்வு நிலையில்லை என்று நாலே வரி பாடினார். ஊரே மூக்கைச் சிந்தியது.

"தங்கராசுக்கே இம்புட்டுக் கண்ணீருன்னா, எனக்கு?"

அதுதான் கவலை. தான் செத்தால் யாராவது அழுவார்களா? செத்த பிறகு எழுந்து பார்க்க வசதிப்படாது. ஆகவே இப்போதே பார்த்துவிட முடிவு செய்து, வைரக்கண்ணுவை வரவழைத்தார்.

"அதே மெட்டுல எனக்கு ஒரு பாட்டுக் கட்டும்யா."

"கட்டிடலாங்க. என்னென்ன வரணும்?"

"முந்திரித் தோப்பு பன்னெண்டு ஏக்கரு. பம்புசெட்டு. ஓடைப் பாலம். கலெக்டர் போட்ட சால்வை."

"கடைசியில எதுவும் கூட வராதுன்னு சொல்றதுதானுங்க இந்தப் பாட்டே."

"கூட வரலேன்னா போவுது. பாட்டுல வரட்டும்."

பாட்டு இருபத்திரண்டு சரணம் வளர்ந்தது. வாழ்வு குறுகியது என்று சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம்.

மறுநாள் காலை ஒத்திகை. கொல்லைக் கொட்டகையில் பெண்கள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பாயை விரித்தார். மனைவி கொளஞ்சியம்மாள் அதைச் சுருட்டினாள்.

"படுக்கிறதெல்லாம் வேணாம். நாற்காலியில குந்திக்கிட்டுச் சாவுங்க."

உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்துவைத்தார். வைரக்கண்ணு ஆரம்பித்தார்.

பாலம் வந்தது. "அந்தப் பாலத்துலதான எங்க மாமியா இடுப்பு ஒடிஞ்சுது?" என்றாள் பெரியம்மாள்.

சால்வை வந்தது. "ஆட்டுக்குட்டிக்குப் போத்தியிருக்கே, அதா?" என்றாள் இருசம்மாள். கொட்டகையே சிரித்தது. பதினைந்தாவது சரணத்தில் ஆர்மோனியத்துக்கே மூச்சு வாங்கியது.

தலைவர் இரண்டு கண்ணையும் திறந்தார். "ஏன்யா, ஒருத்தியும் அழல?"

"அழறதுக்கு எடமே விடலீங்களே. தோப்பு, பாலம்னு அடைச்சுப்புட்டீங்க."

"அப்ப அந்தப் பழைய நாலு வரியவே பாடித் தொலை."

வைரக்கண்ணு பாடினார்.

போட்ட கோலம் காயுமுன்னே கோழி வந்து கலைக்குதே,
ஊத்திவச்ச எண்ணெயிருக்க ஒத்தத் திரி அணையுதே...

முந்திரி உடைக்கும் சத்தம் நின்றது. இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தலைவருக்கு உயிர் வந்தது.

"எனக்காவா அழுவுற, இருசம்மா?"

"இல்லீங்க. போன வாரம் எங்க எருமைக் கன்னு செத்துப்போச்சு."

பெரியம்மாளுக்கு அவள் அம்மா ஞாபகம். தலைவர் நம்பிக்கையோடு மனைவியைப் பார்த்தார்.

"எங்க அண்ணன நெனச்சேன்" என்றாள் அவள். "நீங்கதான் முன்னாலேயே குந்தியிருக்கீங்களே, ஒங்களுக்கு எதுக்கு அழுவணும்? அது சரி, நீங்க யாருக்கு அழுவுறீங்க?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. தனக்காக மற்றவர்கள் அழுவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார். நினைவில் வந்து நின்றதோ, தேர்தலில் மூன்று தடவை அவரிடம் தோற்றுத் தை மாசம் செத்துப்போன செல்லமுத்து. அவன் போனதிலிருந்து டீக்கடையில் சண்டை போட ஆளில்லை. எழவுக்கு இவர் போகவும் இல்லை.

"தூசி" என்றார். பிறகு, "ரெண்டு தோசை ஊத்து. ஆர்மோனிய வாத்தியாருக்கும் சேத்து."

எத்தனையோ நாளுக்கப்புறம் தோசை இறங்கியது.

"வைரக்கண்ணு, நான் போனா அந்த நாலு வரியே போதும்யா. எவன் எவளுக்கு யாரு ஞாபகம் வருதோ, அழுதுட்டுப் போவட்டும்."

"சரிங்க."

மூன்றாவது தோசையில் தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஓரமா அந்தப் பன்னெண்டு ஏக்கரு மட்டும்..."

கொளஞ்சியம்மாள் தோசைத் திருப்பியோடு திரும்பினாள்.

"சரி, வேணாம்" என்றார் தலைவர், சட்னியைத் தொட்டபடி.