பாக்கி இருந்த ஊசி

"அத்தை, உங்க கழுத்து ஏன் சிரிக்குது?"

அவனுடைய மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது. பெரியக்காவின் கழுத்தடியில் வில்லாய் வளைந்து கிடந்த அறுவைத் தழும்பைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்தார்கள். பெரியக்கா மட்டும், நோயில் கரகரத்துப்போன குரலில், "நான் சண்டை போடும்போதும் ஒரு வாயாவது சிரிச்ச மாதிரி இருக்கட்டும்னு டாக்டர் தெச்சு விட்டுட்டார்டி கண்ணு" என்றாள்.

ஆறு வருடம் கழித்து இன்று, பிணவறை ஊழியர் கையில் வெள்ளைத் துணியோடு நின்றபோது அவனுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"கழுத்த மூடிக் கட்டிடட்டுமா சார்? தழும்பு தெரியுது."

"வேணாம். தெரியட்டும்."

"வீட்டுல பாக்கறவங்க சங்கடப்படுவாங்க."

"அவங்க எப்பவும் சங்கடப்பட்டுட்டுதான் இருக்காங்க. விடுங்க."

ஊழியர் துணியை மடித்து வைத்தார். பெரியக்காவின் செருப்புகளைத் தூசி தட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு பைக்குள் வைத்து அவன் கையில் கொடுத்தார். யாரும் சொல்லாமல் செய்த வேலை அது.

காலை ஒன்பதே முக்காலுக்கு உயிர் போனது. இப்போது மணி இரண்டேகால். இதற்குள் இறப்புச் சான்றிதழுக்காக மூன்று ஜன்னல்களில் நின்றாகிவிட்டது. முதல் ஜன்னல் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது சாப்பிடப் போயிருந்தது. மூன்றாவது ஜன்னலில் இருந்த பெண் கணினியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஃபைல் இங்க இல்ல சார். ஆராய்ச்சிப் பிரிவுல இருக்கு. அது வந்தாதான் சர்டிஃபிகேட் தர முடியும்."

"ஆள் கீழ இருக்காங்க. ஃபைல் மட்டும் எதுக்கு மேல போச்சு?"

"அது எனக்குத் தெரியாது. நாலாவது மாடி. படியில போயிடுங்க, லிஃப்ட் ஓடல."

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவின் மேல் தொங்கிய 'பழுது' அட்டையைப் பார்த்ததும், "மாசா மாசம் தொறந்து பாத்திருந்தா இது நின்னிருக்குமா?" என்று யாரும் இல்லாத நடையில் சத்தமாகவே சொன்னான்.

கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, எத்தனை மணிக்குக் கொண்டு வருவீங்க? எல்லாரும் என்னையே கேக்கறாங்க."

"கொண்டு வரும்போது வருவேன்."

"அவங்க அலமாரியில எந்தப் புடவைய எடுக்கறது?"

"எதையாவது எடு. அவ வந்து சண்டையா போடப்போறா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி, நானே பாத்துக்கறேன்" என்று அவள் மெதுவாக வைத்துவிட்டாள்.

கைபேசியைப் பைக்குள் போடுவதற்குள் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'இன்று மூன்று மணிக்கு, குடும்ப ஆய்வுக்காக, உங்கள் இரத்த மாதிரி எடுக்கப்படும். தவறாமல் வரவும்.'

எட்டாவது முறை. ஏழு முறையும் பெரியக்காதான் அவனைக் கேட்காமல் பெயர் பதிந்தாள், ஏழு முறையும் அவன் போகவில்லை. செத்த அன்றும் விடுகிறாளா பார், என்று பல்லைக் கடித்தபடி படியேறினான்.

தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோயில் பல வகை உண்டு. பெரியக்காவுக்கு வந்தது அபூர்வமான வகை, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வகை. அப்பாவுக்கு இருந்தது, ஆனால் அப்போது அதற்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இருபது வயதில் தலைதூக்குவது, சிலருக்கு அறுபது வரை ஏன் தூங்குகிறது என்று இந்த மருத்துவமனையில் ஆராய்ந்தார்கள். பெரியக்கா அதில் நோயாளியாகச் சேர்ந்தாள், பிறகு அதுவே அவளுக்கு வேலையாகிப் போனது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் சொந்தக்காரர்களை ஓரங்கட்டிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கழுத்து இன்ஸ்பெக்டர் வருகிறாள் என்று ஆட்கள் பின்வாசல் வழியாக நழுவினார்கள். அப்படியும் பத்தொன்பது பேரை இங்கே இழுத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். அதில்தான் சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் கடுகளவில் இருக்கும்போதே கண்டுபிடித்து எடுத்தார்கள். இன்று வீட்டு வாசலில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருப்பவர் சித்தப்பாதான்.

இருபதாவது ஆள் அவன்.

"ஓடிட்டுதானே இருக்கு? எதுக்குத் தொறந்து பாக்கணும்?" என்பான்.

"இதையே ஒரு பில்டிங்காரன் சொன்னா அவன நீ என்ன திட்டு திட்டுவே?" என்பாள். அவன் எழுந்து போவான். முதுகுக்குப் பின்னால் அந்தக் கரகரக் குரல் வரும். "டேய், எனக்கு நீ ஒரு ஊசி பாக்கிடா. ஞாபகம் வெச்சுக்கோ."

மூன்றாம் மாடி வளைவில் மூச்சு வாங்க நின்றான். அந்த ஊசிக் கடன் விழுந்தபோது அவனுக்கு ஏழு வயது. பள்ளியில் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். அவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெயர் கூப்பிட்டபோது, ஏற்கெனவே வலது கையில் போட்டுக்கொண்ட பெரியக்கா, "நான்தான்" என்று இடது கையை நீட்டிவிட்டாள். நர்சு பட்டியலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் அந்தக் கை வீங்கிக் கிடந்தது. கேட்டவர்களிடமெல்லாம், படியில் விழுந்தேன் என்றாள். பிறகு அம்மா அவனைத் தனியாக டாக்டரிடம் இழுத்துப் போனது வேறு கதை.

ஆராய்ச்சிப் பிரிவு என்றால் ஒரே அறை. ஒரு பக்கம் உறைபெட்டி முனகிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கி போட்ட ஆய்வகக்காரம்மா, அவன் யார் என்று சொன்னதும் எழுந்து தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளினார்.

"உக்காருங்க. உங்க அக்கா வந்தாலும் இதுலதான் உக்காருவாங்க. நான்தான் நின்னுட்டு இருப்பேன். நல்ல மனுஷி. கடவுள் பக்கத்துல வெச்சுக்கட்டும்."

கோப்பைத் தேட அவர் உள்ளே போனார். சுவரில் ஒரு பெரிய தாள். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். நோய் உள்ளவை கறுப்பாக நிரப்பப்பட்டிருந்தன. இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. எதிலும் பெயர் இல்லை, ஆனாலும் தன் குடும்பத்தை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மேலே கறுப்புக் கட்டம், அதன் மேல் சாய்கோடு, அப்பா. கீழே கறுப்பு வட்டம், பெரியக்கா. அதற்குச் சாய்கோடு இன்னும் விழவில்லை. பக்கத்தில் காலிக் கட்டம், உள்ளே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அந்தக் கட்டத்திலிருந்து ஒரு கோடு இறங்கி ஒரு சின்ன வட்டத்தில் முடிந்தது. அதற்குள்ளும் கேள்விக்குறி.

கோப்போடு வந்த ஆய்வகக்காரம்மா அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"பென்சில்ல போட்டது உங்க அக்காதான். பேனாவால எழுதாதீங்க, அவன் வந்துடுவான்னாங்க."

"அந்தச் சின்ன வட்டம்..."

"உங்க பொண்ணு. உங்களுக்கு அந்த மரபணுக் கோளாறு இல்லேன்னா அவளுக்குச் சோதனையே தேவையில்ல. இருந்தா பாதிக்குப் பாதி. இருந்தாலும் பயம் இல்ல சார், இந்த வயசுல தெரிஞ்சா நிறையப் பண்ணலாம்." சொல்லிவிட்டு அவரே கையை அசைத்து நிறுத்திக்கொண்டார். "இன்னிக்கு எதுக்கு இதெல்லாம்? அந்த மெசேஜ் தானா போயிருக்கும், மன்னிச்சுக்கங்க. நான் ரத்து பண்ணிடறேன். நீங்க ஃபைல எடுத்துட்டுப் போங்க, அவங்க அங்க தனியா இருப்பாங்க."

பேனாவை எடுத்துத் தாளிடம் போனவர், கறுப்பு வட்டத்தின் முன் ஒரு கணம் நின்றார். மூடியைத் திறக்காமலே பேனாவை அங்கிப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போன பிறகு போட்டுக்கறேன்."

ஆறு வருடத்தில் முதன்முறையாக யாரும் அவனை வற்புறுத்தவில்லை. காலையிலிருந்து யாரையாவது திட்டித் தீர்க்கக் காத்திருந்த வாய்க்கு இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு கதவு வரை போனான். கைப்பிடியைத் தொட்டான்.

கடிகாரத்தில் மூன்று அடிக்க இரண்டு நிமிடம்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"எதுக்கு?"

அவன் செருப்புப் பையையும் கோப்பையும் மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றினான். அந்த அம்மா உறையிலிருந்து புது ஊசியை எடுத்தார்.

"எந்தக் கை?"

"இடது."

"கூட யாராவது வந்திருக்காங்களா? சிலருக்குத் தலை சுத்தும்."

"யாரும் இல்ல."

"முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

அவன் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் குழாயில் சிவப்பு ஏறுவதை, அடியிலிருந்து வாய் வரை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

படியிறங்கும்போது மனைவி மறுபடி கூப்பிட்டாள்.

"இவ்ளோ நேரம் எங்க போனீங்க?"

"லிஃப்ட் நின்னுபோச்சு."

"உங்களுக்கேவா?"

"எனக்கேதான்." கொஞ்சம் பொறுத்து, "அந்த நீலப் புடவைய எடுத்து வை. அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றான்.

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பித்தானை மாட்டினான். கோப்பை அக்குளில் இடுக்கி, செருப்புப் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினான்.